நடிகர் பெருமான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி

நாடகம் பார்ப்போர் பலர். நாடகம் ஆடுவோர் சிலர். தாம் ஆடியதைத் தாமே நடுநிலையில் நின்று ஆராய்வோர் மிகச் சிலர். சித்திரம் எழுதுவோன் நான்கடி பின்னே சென்று தன் படத்தை நோக்கலாம். நூல் எழுதுவோன் பத்து நாள் கழித்துத் தன் ஏட்டைப் பிரித்துப் படிக்கலாம். நடிகனுக்கோ தன் உடலே வீணை, தன் குரலே நரம்பு. வாசித்து முடித்த அக்கணமே இசை மறைந்துவிடுகின்றது. தான் நன்றாய் நடித்தோமா என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? கைதட்டும் ஓசையை நம்புவதா? நண்பர்களின் முகமனை நம்புவதா? தன் நெஞ்சில் எழுந்த கிளர்ச்சியை நம்புவதா? இவ்வினாவுக்கு விடை தேடுவதிலேயே அறுபது ஆண்டுகளைச் செலவிட்டவர் ஒருவர் ருஷியா தேசத்தில் இருந்தார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்பது அவர் பெயர். கல்லூரி நாடகங்களில் வேஷம் புனைந்து நிற்கும் நம் மாணவர்க்கு அவர் வரலாறு பெரிதும் பயன்படும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கான்ஸ்தாந்தின் செர்கேயெவிச் அலெக்ஸேயெவ் என்பது இவருடைய இயற்பெயர். 1863 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17 ஆம் தேதி மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் பொன் வெள்ளிச் சரிகை இழைக்கும் தொழிற்சாலையை உடைய பெருஞ்செல்வர். தாயைப் பெற்ற பாட்டியார் பிரெஞ்சு தேசத்து நடிகை. எனவே செல்வம் ஒரு வழியிலும் கலை மற்றொரு வழியிலுமாக இவரை வந்தடைந்தன எனலாம்.

இரண்டு மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோதே இவர் மேடையேறினார். வீட்டார் நடத்திய காட்சி ஒன்றில் பஞ்சினால் தாடி ஒட்டி, குளிர்காலமாக இவரை உட்கார்த்தி வைத்தனர். எங்கே பார்ப்பது, என்ன செய்வது என்று அறியாமல் குழந்தை நாணித் திகைத்தது. பக்கத்தில் எரிந்த மெழுகுவத்தியில் கையிலிருந்த கோலை நுழைப்பது போலப் பாவனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தனர். குழந்தையோ பாவனையை விட்டு மெய்யாகவே கோலை நெருப்பில் நீட்டிவிட்டது. பஞ்சு தீப்பற்றிக்கொள்ள, எல்லாரும் கூக்குரலிட்டு ஓடிவந்து அணைத்தனர். வேலையின்றி வெறுமனே மேடையில் இருப்பது துன்பம், காரணத்தோடு ஒன்றைச் செய்வது இன்பம் என்னும் பெரிய உண்மை அக்குழந்தையின் நெஞ்சில் அன்றே பதிந்தது. அதற்குச் சொல் வடிவம் கொடுக்க அவருக்கு நாற்பதாண்டுகள் வேண்டியிருந்தன.

1877 ஆம் ஆண்டில் லியுபிமொவ்கா என்னும் கிராமத்திலிருந்த தம் மாளிகையைச் சேர்ந்து தந்தையார் ஒரு சிறு நாடகசாலை அமைத்துக் கொடுத்தார். அவ்வாண்டு அங்கே பதினான்கு வயதுச் சிறுவர் நடித்தார். உள்ளம் பொங்கிற்று, சொற்கள் தாமே ஓடிவந்தன, இதனினும் சிறப்பாக யாரும் நடிக்க இயலாது என்று எண்ணி உள்ளே வந்தார். வந்தபின் பிறர் கூறியதோ வேறு. அவர் பேசியது பாதி காதில் விழவில்லை. மீதி, வேகத்தினால் விளங்கவில்லை. கைகள் ஓயாமல் ஆடின. தமக்குள் தோன்றும் இன்பத்துக்கும் அவையோர்க்குத் தோன்றும் பயனுக்கும் இடையே இத்துணைப் பெரிய பள்ளம் இருப்பதைக் கண்டு சிறுவர் திடுக்கிட்டார். சோர்ந்துவிடாமல் ஒரு குறிப்பேட்டை எடுத்து, அன்று தாம் நடித்ததன் குற்றங்குணங்களை எழுதி வைத்தார். அப்பழக்கத்தை அவர் பின்னர்க் கைவிடவே இல்லை.

கண்ணாடியும் கோட்டையும்

வணிகக் குடும்பத்துப் பிள்ளை கூத்தாடுவது குலத்துக்கு இழுக்கு என்று கருதிய காலம் அது. ஆகலின் ஏறத்தாழ 1884 இல் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்னும் புனைபெயரைப் பூண்டார். பகலில் தொழிற்சாலை, இரவில் நாடகம் என நாட்கள் சென்றன. 1885 இல் மாஸ்கோ நாடகப் பள்ளியில் சேர்ந்தார். சில வாரங்களில் விலகினார். ஆசிரியர்கள் எவ்வாறு நடிக்கின்றனரோ அவ்வாறே நடித்துக்காட்டுமாறு அங்கே பயிற்றினரேயன்றி, அந்நடிப்பு எங்கிருந்து பிறக்கின்றது என்று ஒருவரும் கற்பிக்கவில்லை. இவரும் வீட்டில் நெடுநேரம் நிலைக்கண்ணாடியின் முன் நின்று கையும் காலும் அசைத்துப் பழகினார். அதனால் வந்தது கெட்ட பழக்கங்களே என்று பிற்காலத்தில் தம் மாணாக்கரை எச்சரித்தார். கண்ணாடி புறத்தைக் காட்டுமே அன்றி அகத்தைக் காட்டாது அன்றோ?

1888 ஆம் ஆண்டில் நண்பர் சிலருடன் கலை இலக்கியச் சங்கம் ஒன்றை நிறுவினார். அங்கே பூஷ்கின் இயற்றிய உலோபிப் பிரபுவின் நாடகத்தில் முதிய பிரபுவாக நடிக்க நேர்ந்தது. இவர் மனத்திலோ இத்தாலிய சங்கீத நாடகங்களில் வரும் ஒயிலான பிரபுவின் உருவமே நிறைந்திருந்தது. பெதோதவ் என்னும் இயக்குநர் அதனைக் கண்டு நகைத்து, பல் விழுந்து உடல் தளர்ந்த மெய்யான கிழவனைக் காட்டுமாறு வற்புறுத்தினார். வழி தெரியாது தவித்த இளைஞர், வெளிநாடு சென்றபோது பழைய கோட்டை ஒன்றின் நிலவறையில் தம்மை இரண்டு மணி நேரம் அடைத்து வைக்கச் செய்தார். இருளும் ஈரமும் எலியும் சேர்ந்து உலோபியின் உள்ளத்தைத் தமக்குத் தந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. கிடைத்தது சளி ஒன்றே. பாத்திரம் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்ததனால் மட்டும் பாத்திரத்தின் நெஞ்சம் வந்துவிடாது என்பதை இங்ஙனம் உணர்ந்தார்.

1891 இல் தாஸ்தயேவ்ஸ்கியின் கதை ஒன்றை நாடகமாக்கி, அதில் ரோஸ்தானெவ் என்னும் நல்ல மனமுடைய மாமனாக நடித்தார். அதில் அவருக்கு முயற்சியே வேண்டியிருக்கவில்லை. அம்மனிதரின் கள்ளமற்ற இயல்பு இவருடைய இயல்பை ஒத்திருந்தது. பாத்திரத்தைப் பார்த்து நடிப்பது வேறு, பாத்திரமாகவே இருப்பது வேறு என்பதை அனுபவத்தால் கண்டார். இவ்வேஷத்தை நம் மாணவர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னே ஒருமுறை இது திரும்பி வரும்.

ரோஸ்ஸியின் அறிவுரை

1896 ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக நடித்தார். அதற்கு முன்னே பாரிஸ் நகர உணவுச்சாலை ஒன்றில் அராபியர் ஒருவரைக் கண்டு பழகி, அவர் உடையையும் நடையையும் கூர்ந்து கற்றிருந்தார். வேஷம் புறத்தே அழகாய் அமைந்தது. ஆனால் உணர்ச்சியைக் கழுத்து நரம்பினின்றும் பிழிந்தெடுக்க முயன்றமையால் குரல் கம்மிற்று, மார்பு படபடத்தது, காட்சிக்கும் காட்சிக்கும் இடையே படுத்துக் கிடக்க நேர்ந்தது.

உலகப் புகழ் பெற்ற இத்தாலிய நடிகர் ரோஸ்ஸி அந்நாடகத்தைப் பார்த்தார். இளைஞர் அவரிடம் சென்று குற்றங்களைக் கேட்டார். முதியவர் முகமன் கூறவில்லை, இகழவும் இல்லை. இறைவன் தரக்கூடியன யாவும் இவரிடம் உள. இனி வேண்டுவது கலையே என்றார். அக்கலையைக் கற்பிப்பவர் யார் என்று இவர் வினவ, நம்பத்தக்க பேராசான் அருகே இல்லையாயின் ஆசிரியராய் இருக்கத்தக்கவர் ஒருவரே, அவர் நீரே என்னும் கருத்துப்பட விடை கூறினார். அவ்வறிவுரையை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி விளையாட்டாகக் கொள்ளவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அதன் விரிவுரை எனலாம்.

கலை நாடகசாலை

1897 ஆம் ஆண்டின் கோடையில் நெமிரோவிச் தான்செங்கோ என்னும் நாடகாசிரியரும் இவரும் மாஸ்கோவில் ஓர் உணவுச்சாலையில் சந்தித்தனர். பகல் இரண்டு மணிக்குத் தொடங்கிய பேச்சு மறுநாட் காலை எட்டு மணிக்கு லியுபிமொவ்காவில் முடிந்தது. அப்பதினெட்டு மணி நேரத்தின் பயனாக 1898 அக்டோபர் மாதத்தில் மாஸ்கோ கலை நாடகசாலை தோன்றிற்று. அவ்வாண்டு டிசம்பரில் செகாவ் எழுதிய கடற்பறவை நாடகம் அங்கே பெருவெற்றி பெற்றது.

அந்நாடகத்தில் திரிகோரின் என்னும் எழுத்தாளராக நடித்தவர் நம் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே. வெள்ளுடை தரித்து, மிடுக்கும் அழகும் உடைய சீமானாகத் தோன்றினார். அவையோர் பாராட்டினர். 1899 இல் அதனை நேரிற் கண்ட செகாவோ மகிழவில்லை. அவன் கட்டம்போட்ட கால்சட்டையும் கிழிந்த சோடும் அணிந்தவன் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். இது என்ன புதிர் என்று இவர் மயங்கினார். ஓராண்டுக்கு மேற்சென்ற பின்னரே பொருள் விளங்கிற்று. புகழுக்கு ஏங்கும் இளம்பெண், உள்ள மனிதனைக் காதலிக்கவில்லை. தன் கனவையே காதலிக்கின்றாள். அவன் அழகனாய் இருப்பின் கதையின் துயரமே கெட்டுவிடும். கைதட்டல் பெற்ற நடிப்பும் தவறாக இருக்கக்கூடும் என்பதனை இந்நிகழ்ச்சி இவருக்குக் காட்டிற்று.

ஸ்டாக்மன் வேஷமும் பின்லாந்துப் பாறையும்

1900 ஆம் ஆண்டில் இப்ஸன் இயற்றிய மக்கட் பகைவன் என்னும் நாடகத்தில் டாக்டர் ஸ்டாக்மனாக நடித்தார். இவர் நடித்த வேஷங்களுள் இவருக்கு மிகவும் உவப்பானது இதுவே. ஊர் நீரூற்று நஞ்சாகிவிட்டது என்னும் உண்மையைச் சொல்லி ஊர் முழுவதின் பகையையும் தேடிக்கொள்ளும் மருத்துவர் அவர். அவருடைய சத்தியப் பற்றை இவர் நெஞ்சார உணர்ந்தார். உணர்ந்த அளவிலே கிட்டப்பார்வையும், விரைந்த நடையும், முன்னே சாய்ந்த உடலும், நீட்டிய இரு விரல்களும் அழையாமலே வந்து பொருந்தின.

1901 மார்ச்சு மாதத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரில் இந்நாடகம் நடந்தது. அன்று பகலில் மாணவர் கிளர்ச்சியொன்றைச் சேவகர் அடித்து ஒடுக்கியிருந்தனர். கிழிந்த தம் சட்டையைக் கண்ட ஸ்டாக்மன், விடுதலைக்கும் உண்மைக்கும் போராடச் செல்வோர் புதுச்சட்டை அணியலாகாது என்று சொல்லும் இடம் வந்ததும் அவையே எழுந்தது. மக்கள் மேடையருகே ஓடிவந்து நடிகரின் கையைப் பற்றினர்.

இத்தகைய பெருமை வாய்ந்த வேஷமே ஐந்தாறு ஆண்டுகளில் அவருக்குப் பெருங்கவலையை விளைத்தது. 1906 ஆம் ஆண்டில் குழுவினர் ஐரோப்பாவில் சுற்றி வெற்றியுடன் திரும்பினர். ஓய்வுக்காகப் பின்லாந்து சென்ற ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, கடற்கரைப் பாறைமேல் நாள்தோறும் அமர்ந்து தம் கலைவாழ்க்கையைத் தாமே கணக்கெடுத்தார். ஸ்டாக்மன் வேஷத்தை ஆராய்ந்தபோது நெஞ்சு துணுக்குற்றது. நீட்டிய விரல்கள் இருந்தன, கிட்டப்பார்வை இருந்தது, விரைந்த நடை இருந்தது. அவற்றை ஈன்ற உணர்ச்சி மட்டும் எங்கோ போய்விட்டது. கால்கள் பழக்கத்தால் நடந்தன. நாக்குப் பழக்கத்தால் பேசிற்று. உயிர் நீங்கிய கூடு ஊர் ஊராகச் சென்று மாலை பெற்றுக்கொண்டிருந்தது. அவையோர் இதனை அறியவில்லை. பத்திரிகைகளும் அறியவில்லை. அறிந்தவர் அவர் ஒருவரே. புகழின் உச்சியில் நின்ற 43 வயதினர், தாம் ஏமாற்றுகின்றோம் என்று தமக்குத் தாமே ஒப்புக்கொண்ட அத்துணிவே அவருடைய பெருமைக்கெல்லாம் அடிப்படை என்பது எம் கருத்து.

கண்ட முறை

உணர்ச்சியை ஏவி அழைக்க இயலாது. அழு என்றால் கண்ணீர் வாராது. சினந்துகொள் என்றால் சினம் எழாது. அங்ஙனமாயின் அதனை எழச் செய்யும் வாயில் யாது? இதனை அறியச் சிறந்த நடிகர்களையெல்லாம் அவர் நினைவிற் கொண்டார். அவர்கள் உடல் இறுக்கமற்று இருந்தது. கவனம் அவையோர்மேல் செல்லாது மேடையிலுள்ள பொருளிலேயே நின்றது. இத்தாலிய நடிகர் சால்வினி, நாடகத்துக்குச் சில மணி நேரம் முன்னரே வந்து, சிறிது சிறிதாக வேஷம் புனைந்து, சிறிது சிறிதாக ஒதெல்லோவின் உள்ளத்துட் புகுவாராம்.

இவற்றினின்றும் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி கண்ட வழிகள் எளியவை. நான் இந்நிலையில் இருந்தால் என்ன செய்வேன் என்று நடிகன் தன்னை வினவ வேண்டும். அந்த 'இருந்தால்' என்னும் சொல்லே கற்பனையின் கதவைத் திறக்கும். பாத்திரம் எந்த ஊரினன், எங்கிருந்து வருகின்றான், எதனை வேண்டி வருகின்றான் என்னும் சூழ்நிலைகளை ஒன்றும் விடாது அறிந்துகொள்ளல் வேண்டும். தன் வாழ்க்கையில் முன்னர்ப் பட்ட இன்பதுன்பங்களின் நினைவைத் துணைக்கொள்ளல் வேண்டும். இவற்றோடு, ஒவ்வொரு கணமும் ஒரு நோக்கத்துடன் ஏதேனும் செய்தல் வேண்டும்.

1909 இல் துர்கேனெவின் கிராமத்தில் ஒரு மாதம் என்னும் நாடகத்தில் இம்முறையை நன்கு சோதித்துப் பார்த்தார். அதில் நடிகர் பெரும்பாலும் அமர்ந்தே இருந்தனர். கையசைவும் மிகக் குறைவு. எனினும் அவர்களுடைய உள்ளத்தின் ஓட்டம் அவையோர்க்கு விளங்கிற்று. மூத்த நடிகர் பலர் இதனைப் பரிகசித்தனர். ஆகவே 1912 இல் சூலெர்ஜித்ஸ்கி என்னும் அன்பர் துணையுடன் இளைஞர்க்கென முதற் பயிற்சிக் கூடத்தை அமைத்தார்.

இழந்த வேஷம்

1917 ஆம் ஆண்டு வந்தது. தாஸ்தயேவ்ஸ்கியின் அதே கதையைக் கலை நாடகசாலையார் மீண்டும் மேடையேற்ற முற்பட்டனர். இருபத்தெட்டு வயதில் தாம் உயிரோடு கலந்து நடித்த ரோஸ்தானெவ் வேஷத்தை ஐம்பத்துநான்காம் வயதில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி மறுபடியும் ஏற்றார். இப்போது அவரிடம் முறை இருந்தது, அனுபவம் இருந்தது, புகழ் இருந்தது. ஆயினும் எத்தனை ஒத்திகைகள் நடந்தும் பாத்திரம் பிறக்கவில்லை. முடிவில் நெமிரோவிச் அவ்வேஷத்தை அவரிடமிருந்து வாங்கி வேறொரு நடிகருக்குக் கொடுத்தார். தாம் நிறுவிய நாடகசாலையில், தமக்கு உயிர் போன்ற வேஷத்தை இழந்தார் ஆசிரியர். அவர் கண்ணீர் விட்டார், வழக்காடவில்லை. அத்தீர்ப்பை ஏற்று ஒதுங்கினார்.

முறை அறிந்தவரே தவறினாரெனின் முறை பயனற்றது அன்றோ என்று சிலர் வினவக்கூடும். உழவன் நிலத்தை உழலாம், நீர் பாய்ச்சலாம்; முளைத்தல் விதையின் செயல். தம் முறையும் அத்தன்மையதே என்று அவர் அறிந்திருந்தார். தம்மை ஆராய்வோன் வெற்றியை மட்டுமன்றித் தோல்வியையும் தன் ஏட்டில் எழுதியாதல் வேண்டும். ஒத்திகையில் அழுதவர் மறுநாளும் மாணவர்க்குப் பாடம் சொல்லச் சென்றார்.

இறுதிக் காலம்

அவ்வாண்டின் புரட்சியில் தொழிற்சாலையும் செல்வமும் அரசின்பாற் சென்றன. 1922 முதல் 1924 வரை குழுவினரோடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடித்தார். அங்கே 1924 இல் கலையில் என் வாழ்க்கை என்னும் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1928 அக்டோபர் 29 ஆம் நாள், நாடகசாலையின் முப்பதாம் ஆண்டு விழாவில் செகாவின் மூன்று சகோதரிகள் நாடகத்தில் நடித்துக்கொண்டிருக்கையில் மார்பில் கொடிய நோய் கண்டது. நோவை வெளிக்காட்டாமல் தம் பகுதியை முடித்துத் திரை விழுந்த பின்னரே வீழ்ந்தார். அதன்பின் அவர் நடிக்கவில்லை.

நோய்ப்படுக்கையே பள்ளியாயிற்று. மாணவன் ஒருவன் எழுதும் நாட்குறிப்பைப் போலத் தம் நூல்களை அமைத்தார். அவற்றுள் முதற் பகுதி 1936 இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. பாத்திரத்தைப் புனைதல் பற்றிய பகுதி அவர் மறைந்தபின் 1949 இல் வந்தது. அதில் ஒரு காட்சி சுவையானது. மாறுவேடப் பயிற்சிக்காக மாணவன் பழைய பச்சைநிறம் படிந்த கோட்டு ஒன்றை எடுக்கின்றான். அதற்குரிய மனிதன் யாரென்று பல நாள் விளங்கவில்லை. ஒப்பனையைக் கலைக்கும்போது முகத்தில் சாயங்கள் கலந்து மங்கிப் பரவ, எல்லாரையும் குறைகூறித் திரியும் ஒரு விமரிசகன் அவனுள்ளே விழித்துக்கொள்கின்றான். நாணமிக்க அம்மாணவன், தன் ஆசிரியரையே துடுக்காக எதிர்த்துப் பேசுகின்றான். பின்னர் எண்ணிப் பார்க்குமிடத்துத் தான் இருவராய்ப் பிரிந்திருந்ததை உணர்கின்றான். ஒருவன் விமரிசகனாகவே வாழ்ந்தான். மற்றவன் அருகில் நின்று அவனைப் பார்த்து மகிழ்ந்தான். இப்பிரிவு நடிப்பைக் கெடுக்கவில்லை, வளர்த்தது. தன்னை மறந்து பித்தனாதலும் கூடாது, தன்னையே நினைந்து மரமாதலும் கூடாது என்னும் நுட்பம் இதில் அடங்கியுள்ளது.

தம் கொள்கையினின்று விலகிச் சென்ற பழைய மாணாக்கர் மேயர்ஹோல்டின் நாடகசாலையை 1938 ஜனவரியில் அரசு மூடியது. பலரும் அவரை விட்டு அகன்ற அக்காலத்தில், ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அவரை அழைத்துத் தம் சங்கீத நாடகசாலையில் வேலை தந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 7 ஆம் தேதி மாஸ்கோவில் உயிர் நீத்தார். நிழல் தந்த மரம் சாய்ந்தபின் மேயர்ஹோல்டு சிறைப்பட்டு, 1940 இல் கொல்லப்பட்டார்.

முடிவுரை

ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் முறையை வேதமாகக் கொள்ள வேண்டுவதில்லை. அவரே அதனைப் பன்முறை மாற்றினார். இறுதியாண்டுகளில், உணர்ச்சியை நினைவிற் தேடுவதைவிட உடலாற் செய்யும் செயலிலிருந்து தொடங்குவதே நலம் என்று போதித்தார். மெழுகுவத்தியில் கோலை நீட்டிய குழந்தை அறிந்ததும் இதுவே.

நம் மாணவர் மேடையேறும் முன்னர், இவன் யார், எதனை வேண்டி இங்கே வந்தான் என்று பாத்திரத்தைக் குறித்து வினவுவாராக. மேடையில் நிற்கும்போது வேண்டியதைச் செய்வாராக. மதிப்பிடும் வேலையை அப்போது ஒதுக்கி வைப்பாராக. திரை விழுந்த பின்னர், அன்றிரவே ஒரு தாளை எடுத்து, எவ்விடத்தில் மெய்யாகச் செய்தேன், எவ்விடத்தில் செய்ததுபோற் காட்டினேன் என்று எழுதுவாராக. உண்மை பேசும் நண்பர் ஒருவரின் சொல்லையும் அதன் பக்கத்தில் எழுதுவாராக. இரண்டும் வேறுபடும் இடத்திலேதான் கற்கவேண்டிய பாடம் இருக்கின்றது. ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் நம் ஒவ்வொருவரிடமும் உள்ளன. பதினான்கு வயதுச் சிறுவர் ஒருவர் அவற்றைக் கொண்டே தொடங்கினார்.